அப்பா வைத்துவிட்டுப் போன ‘பாரக்கல்’ ஷீலைட்தானா? கிரமாட் பூலாய் டங்ஸ்டன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூல் குமரன் · வெள்ளி, இரவு 10:12

வணக்கம். அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. பேராக் மாநிலத்துப் பத்துகாஜா வீட்டைக் காலி செய்து அம்மாவை எங்களோடு கோலாலம்பூர் செந்தூலுக்கு அழைத்து வந்துவிட்டோம். சாமான்களோடு ஒரு கல்லும் வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது எங்கள் முன்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்த கல். தேங்காய் அளவுகூட இல்லை, ஆனால் தூக்கினால் கையைக் கீழே இழுக்கும். அப்பா அதைப் ‘பாரக்கல்’ என்பார். “அந்தப் பாரக்கல்லைத் தள்ளு” என்று கேட்டுக் கேட்டு, கதவு முட்டுக்கே அதுதான் பெயர் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.

அப்பா தஞ்சோங் துவாலாங் பக்கம் ஈயக்கப்பலில் (வெள்ளீயம், அதாவது டின், தோண்டும் மிதவை இயந்திரத்தில்) ஃபிட்டர். எண்பதுகளில் வேலை நிற்கும்வரை அங்கேதான் இருந்தார். இந்தக் கல் எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

கல்லின் பெரும்பகுதி சாம்பல் கலந்த வெள்ளை, எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. இடையிடையே செம்பழுப்பு மணிகள். ஒரு ஓரத்தில் ஊதா நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. அடியில் சிவப்புப் பெயின்ட்டில் கே.பி. என்று இரண்டு ஆங்கில எழுத்து, அப்பாவின் கையெழுத்துதான்.

பணநோட்டுச் சோதிக்கும் விளக்கை அடித்துப் பார்த்தேன். ஊதாப் பட்டை நீலமாக ஒளிர்ந்தது, வெள்ளைப் பகுதி சும்மா இருந்தது. ஷீலைட் என்ற டங்ஸ்டன் கனிமம் நீலமாக ஒளிரும் என்று படித்தேன். அப்படியானால் அந்தப் பட்டைதான் ஷீலைட்டா?

---

காசு கணக்கு · வெள்ளி, இரவு 10:31

டங்ஸ்டன் என்றால் இப்போது நல்ல விலையாமே. எத்தனை வெள்ளி (ரிங்கிட்) பெறும்?

---

பாறை மணி · வெள்ளி, இரவு 11:48

குமரன், முதலில் அப்பாவின் பிரிவுக்கு என் அனுதாபம்.

நான் புவியியல் படித்தவன். கோலாலம்பூரில் கட்டடம் எழுப்புமுன் தரையைத் துளைபோட்டுப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். படம் பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன. ஊதாப் பட்டை ஷீலைட் அல்ல, பெரும்பாலும் ஃப்ளூரைட் என்ற வேறு கனிமம். பணநோட்டு விளக்கு நெடு அலைப் புறஊதா, 365 நானோமீட்டரும் அதற்கு மேலும். ஃப்ளூரைட் பல நேரம் அதற்கே ஒளிரும். ஷீலைட் அதற்கு அசையாது. அதற்கு 254 நானோமீட்டர் குற்றலை விளக்கு வேண்டும். ஆக நீங்கள் சும்மா இருக்கிறது என்று ஒதுக்கிய வெள்ளைப் பகுதியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

அதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். சமையலறைத் தராசில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். கல்லைக் கயிற்றில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண் கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒப்படர்த்தி. சாதாரணக் கருங்கல், சுண்ணாம்புக் கல் எல்லாம் 2.7 பக்கம் நிற்கும். ஃப்ளூரைட் 3.2. செம்பழுப்பு மணி கார்னெட் என்றால் 3.6 முதல் 3.9 வரை. ஷீலைட் 6.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘டங்ஸ்டன்’ சுவீடன் மொழிச் சொல். டங் என்றால் பாரம், ஸ்டென் என்றால் கல். 1751-இல் குரோன்ஸ்டெட் என்ற சுவீடன் கனிமவியலாளர் அந்தப் பெயரைக் கொடுத்தது உலோகத்துக்கு அல்ல, இந்தக் கனிமத்துக்கு. 1781-இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அதிலிருந்து புதிய ஓர் அமிலத்தைப் பிரித்தார், பின்னாளில் அவர் நினைவாகத்தான் கல்லுக்கு ஷீலைட் என்று பெயர் மாறியது. உலோகத்தைத் தனியாக எடுத்தவர்கள் ஸ்பெயினின் எலுயார் சகோதரர்கள், 1783-இல். ஆக உங்கள் கல் ஷீலைட் என்று உறுதியானால், உங்கள் அப்பா அதற்கு வைத்த பெயரும் சுவீடன்காரர்கள் முதலில் வைத்த பெயரும் ஒரே பெயர். எனக்கு இதை எழுதும்போதே சிலிர்க்கிறது.

---

மல்லிகா டீச்சர், கம்பார் · சனி, காலை 6:55

குமரன் தம்பி, கே.பி. என்றால் கிரமாட் பூலாயாக இருக்கும். ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய் சந்திப்பிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையில் ஏறினால் வருமே, அந்தப் பக்கம். இப்போது அங்கே சுண்ணாம்புக் குவாரிகளும் பளிங்கு அறுக்கும் இடங்களும்தான் கண்ணில் படும். என் சின்ன வயதில் பெரியவர்கள் “பூலாய் வெள்ளைக்கல் லம்பம்” என்று பேசுவார்கள், லம்பம் என்றால் சுரங்கம். ஈயலம்பம் தெரியும், அது என்ன வெள்ளைக்கல் லம்பம் என்று கேட்டால் யாருக்கும் விளக்கத் தெரியாது.

அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கல்லைப் பற்றிக் கேட்க வேண்டாம், அப்பாவின் கூட்டாளிகளைப் பற்றிக் கேளுங்கள். கல் மறந்திருக்கும், வீட்டுக்கு வந்து சாப்பிட்ட ஆள் மறந்திருக்க மாட்டார்.

---

பட்டர்வொர்த் ரவி · சனி, காலை 9:20

ஈய உருக்காலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். பாறை மணி சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து வந்த கல் கனமாக இருந்தால் முதலில் ஈயக்கல்லைத்தான் நினைக்க வேண்டும். அந்த ஈயக்கல், அதாவது கேசிட்டரைட், 7-ஐத் தொடும். அது எப்போதும் கறுப்பு என்று நினைக்காதீர்கள், வெளுத்த பழுப்பிலும் உண்டு. ஆர்சனோபைரைட் 6 இருக்கும், வெள்ளி மாதிரி மின்னும், அதில் ஆர்சனிக் உண்டு. சோதித்த பிறகு கையைக் கழுவுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள். காந்தமும் வைத்துப் பாருங்கள், மேக்னடைட் இருந்தால் இழுக்கும்.

இந்த ஷீலைட் ஈயத் தொழிலில் எவ்வளவு தொல்லை என்பதை வெளியே யாரும் எழுதுவதில்லை. வுல்ஃப்ரமைட் என்ற கறுப்பு டங்ஸ்டன் கனிமம் இருக்கிறதே, அதைக் காந்தப் பிரிப்பானில் விட்டால் ஒதுங்கிவிடும். ஷீலைட் காந்தத்துக்கு வராது. கேசிட்டரைட்டும் வராது. எடையிலும் இரண்டும் அருகருகே நிற்கின்றன, தண்ணீரில் அலசினால் சேர்ந்தே அடியில் தங்கும். பிரிக்க நல்ல வழி மின்சாரம். உயர் மின்னழுத்த உருளையில் காய்ந்த மணலைத் தூவினால், கேசிட்டரைட் மின்சாரத்தைக் கடத்துவதால் மின்னேற்றத்தை விட்டுவிட்டுத் தெறித்து விழும், ஷீலைட் கடத்தாததால் உருளையிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றும். அந்த இரண்டு ஓடையும் பிரிந்து விழுவதைப் பார்க்க எனக்குக் கடைசி நாள்வரை அலுக்கவே இல்லை.

---

செந்தூல் குமரன் · சனி, மாலை 5:03

செய்தேன். கல் 2,100 கிராம். தண்ணீர் 490. வகுத்தால் 4.29. காந்தம் ஒட்டவில்லை. வெள்ளி மினுக்கம் எங்கும் இல்லை. பாத்திரத்தை ஒதுக்கிவிட்டேன், ரவி அண்ணே.

அம்மாவிடம் டீச்சர் சொன்னபடி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பூலாயிலிருந்து ஒரு சீன வெல்டர் வருவார், தீபாவளிக்கு ஆரஞ்சு கொண்டுவருவார், உனக்குக் காதுகுத்துக்கும் வந்திருந்தார்” என்றார். அவருடைய அப்பா ஜப்பான் சண்டைக்கு முன் பூலாய் லம்பத்தில் வேலை பார்த்தவராம். கல் அவர் கொடுத்ததுதானா என்று அம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

---

பாறை மணி · சனி, இரவு 9:37

4.29! கணக்குப் போடுவோம். மிச்சம் எல்லாம் கார்னெட் என்று வைத்தாலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஷீலைட் இருந்தால்தான் இந்த எண் வரும். ஃப்ளூரைட் மிகுதி என்றால் பாதிவரை போகும். ரவி அண்ணன் சொன்ன கேசிட்டரைட் வாய்ப்பை விளக்குதான் தீர்க்கும், கேசிட்டரைட் ஒளிராது.

சரி, இப்போது இந்தக் கல் பிறந்த கதைக்கு வருகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன்.

கிந்தா பள்ளத்தாக்கின் தரை சுண்ணாம்புக் கல். ஈப்போவில் சாம் போ தோங், பேராக் தோங் குகைக்கோயில்கள் இருக்கும் மலைகள் அதன் எச்சங்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளெடாங் மலைத்தொடர், இரண்டும் கிரானைட். சுண்ணாம்பு மூத்தது, பழைய கடலின் அடியில் படிந்தது. கிரானைட் சுமார் 20 முதல் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாகக் கீழிருந்து அதற்குள் ஏறியது. 700 பாகை வெப்பத்தில் ஒரு குழம்பு சுண்ணாம்பைத் தொட்டால் சுண்ணாம்பு முதலில் பளிங்காகும். அது வெறும் வேக்காடு. ஸ்கார்ன் என்பது அதற்கு அடுத்த படி. குழம்பு இறுகும்போது அதில் கரைந்திருந்த தண்ணீர் பிரிந்து வெளியே வரும், வரும்போது சிலிக்கா, இரும்பு, ஃப்ளூரின், ஈயம், டங்ஸ்டன் என்று கிரானைட்டுக்குள் இடம் கிடைக்காத எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரும். அந்தத் திரவமும் சுண்ணாம்பும் பண்டம் மாற்றிக்கொள்ளும். சுண்ணாம்பின் கரியமில வாயு வெளியேறும், கால்சியம் தங்கும், சிலிக்காவும் இரும்பும் உள்ளே வரும். கார்னெட், பைராக்சீன் என்ற கனிமங்கள் விளையும். ஸ்கார்ன் என்பதும் சுவீடன் சுரங்கத் தொழிலாளர்களின் சொல்தான், இரும்புத்தாதுவைச் சுற்றி அவர்கள் ஒதுக்கிய பாறைக்கு வைத்த பெயர்.

டங்ஸ்டனுக்கு இதில் என்ன வேலை? அது கரைசலில் சும்மா போய்க்கொண்டே இருக்கும், பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். கிரானைட்டுக்குள்ளேயோ மணற்பாறைக்குள்ளேயோ போனால் இரும்பும் மாங்கனீசும் பிடித்து வுல்ஃப்ரமைட் ஆக்கும். பர்மாவின் மாவ்ச்சி, தவாய் பக்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் கிடைத்த டங்ஸ்டனில் முக்கியமானது அதுதான். வழியில் சுண்ணாம்பு இருந்தால் கால்சியம் பிடித்துக்கொள்ளும். கால்சியம் டங்ஸ்டேட், அதாவது ஷீலைட். உங்கள் கல்லில் கார்னெட், ஷீலைட், ஃப்ளூரைட் மூன்றும் இருந்தால் அந்தக் கைமாற்றத்தின் மூன்று கட்டமும் ஒரே கையளவில் இருக்கிறது. கார்னெட் சூடாக இருந்தபோது வந்தது. ஃப்ளூரைட் பெரும்பாலும் ஆறும்போது வந்தது. ஷீலைட் இரண்டிலும் வரும், ஆனால் ஆறும் கட்டத்தில்தான் நன்றாகத் திரளும்.

கிரமாட் பூலாய் மலாயாவின் ஷீலைட் வரலாற்றில் முதலில் வரும் பெயர். 1933-இல் வில்போர்ன், இங்காம் என்ற இரண்டு அரசாங்கப் புவியியலாளர்கள் லண்டன் புவியியல் சங்கத்தின் இதழில் இந்தச் சுரங்கத்தை விரிவாக விவரித்தார்கள். சுரங்கத்தை நடத்திய கம்பெனியின் பெயரில் ‘டின்’ என்ற சொல் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஈயக் கம்பெனியின் கையில்தான் இந்த வெள்ளைக்கல் இருந்தது.

---

மல்லிகா டீச்சர், கம்பார் · ஞாயிறு, காலை 7:10

பாறை மணி, நீங்கள் என் மாணவராக இருந்திருந்தால் உங்களையே பாடம் நடத்தவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

என் கேள்வி ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றில் டூலாங் அலசும் பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் ஹக்கா பெண்கள், தலையில் துணி கட்டி அதன்மேல் ஓலைத்தொப்பி, முழங்கால்வரை தண்ணீர். மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி மணலை வெளியே தள்ளிவிட்டு, கறுப்பு ஈயமணலை மட்டும் அடியில் நிறுத்துவார்கள். அந்தத் தட்டில் இந்த வெள்ளைக்கல்லும் நின்றிருக்குமே. அவர்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

---

பாறை மணி · ஞாயிறு, காலை 8:02

பட்டிருக்கும் டீச்சர். ஆனால் இரண்டு சங்கதி இருக்கிறது. கேசிட்டரைட் கெட்டியானது, ஆறு எவ்வளவு உருட்டினாலும் தாங்கும், மலையிலிருந்து பல மைல் வந்து பள்ளத்தாக்கில் சேரும். ஷீலைட் பூஞ்சை. கத்தியால் கீறலாம், உருண்டால் நொறுங்கித் தூளாகும். அதனால் தட்டில் ஷீலைட் மணி கண்ணில் பட்டால், தாய்ப்பாறை பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். தேடுபவர்களுக்கு இது பெரிய துப்பு.

இரண்டாவது, வெளுத்த மணியைப் பகலில் பார்த்தால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட் என்று எதையும் சொல்லலாம். ஷீலைட்டின் தேடல் வரலாறு முழுக்க இந்தக் கதைதான். கனடாவின் வடமேற்கில் கேன்டங் என்ற பெரிய ஸ்கார்ன். 1954-இல் அதைக் கண்டவர்கள் செம்பு என்று நினைத்துக் குறித்தார்கள். அதில் ஷீலைட் இருக்கிறது என்று 1958-இல்தான் தெரிந்தது. 1962-இல் சுரங்கம் திறந்தது, டங்ஸ்டன் என்றே ஓர் ஊர் அங்கே முளைத்தது. நான்கு வருடம் அந்தக் கல் எல்லார் கண்முன்னும் கிடந்தது! அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து யெல்லோ பைன் சுரங்கத்தில் தங்கத்துக்கும் ஆன்டிமனிக்கும் துளை போட்டு எடுத்துவைத்திருந்த கல் உருளைகளில் டொனால்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1941-இல் ஷீலைட்டைக் கண்டார். போர்க்காலத்தில் அந்த நாட்டுக்கு டங்ஸ்டன் கொடுத்த முக்கிய இடங்களில் ஒன்றாக அது மாறியது. அந்தச் சமயத்தில்தான் கையில் எடுத்துப்போகும் குற்றலை விளக்கு பரவியது. இரவில் மலையேறி விளக்கடித்துத் தேடினார்கள். ஆஸ்திரியாவின் ஃபெல்பர்டால் 1967-இல் கிடைத்ததும் இந்த விளக்கால்தான். அது ஸ்கார்ன் வகை அல்ல, ஆனால் விளக்கு ஒன்றுதான்.

விளக்கில்லாத காலத்திலும் கண்டவர்கள் உண்டு. டாஸ்மேனியாவுக்கும் விக்டோரியாவுக்கும் இடையில் கிங் தீவில், கிராஸி என்ற இடத்தில், டாம் ஃபாரெல் என்ற தேடலாளர் ஷீலைட்டைக் கண்டார். 1917-இல் அங்கே சுரங்கம் தொடங்கியது. அப்புறம் விலை ஏறினால் திறப்பது, இறங்கினால் மூடுவது என்று அதன் வாழ்க்கை. 1990-இல் மூடி, முப்பது வருடத்துக்குமேல் கிடந்து, மறுபடி திறந்தார்கள். கொரியாவின் சாங்டோங்கும் அப்படித்தான். 1916-இல் கண்டெடுத்து, ஒரு காலத்தில் அந்த நாட்டின் ஏற்றுமதியையே தாங்கி, சீனத்து மலிவுச் சரக்கோடு போட்டிபோட முடியாமல் 1994-இல் மூடியது. தாது தீர்ந்து மூடவில்லை.

---

மேலூர் பேரன் · ஞாயிறு, பிற்பகல் 1:26

நான் மதுரை மேலூர்க்காரன், கோலாலம்பூரில் வேலை. டங்ஸ்டன் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். இந்த இழையை இரண்டு நாளாகத் திறப்பதா வேண்டாமா என்று இருந்தேன்.

அரிட்டாபட்டி எங்கள் பக்கத்து ஊர். பாண்டியர் காலக் குடைவரை, சமணர் படுக்கை, தமிழி எழுத்து, ராஜாளி வந்து தங்கும் குன்று. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று அரசே அறிவித்தது. 2024 நவம்பரில் அதையும் சேர்த்து சுமார் 2,000 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊரே எழுந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. என் சித்தப்பா மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்த கூட்டத்தில் இருந்தார், அவருக்கு 68 வயது. 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து என்று அறிவித்தார்கள். அன்றிரவு வீடியோ அழைப்பில் அவர் அழுததை நான் மறக்கமாட்டேன்.

நீங்கள் எல்லாம் இந்தக் கல்லை இவ்வளவு ஆசையாகப் பேசுகிறீர்கள். எனக்குப் புரியவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

---

பாறை மணி · ஞாயிறு, பிற்பகல் 3:40

தம்பி, எழுதியதற்கு நன்றி. சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் கல்லை நேசிக்கிறேன். அதனால் எல்லாக் கல்லையும் தோண்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஸ்கார்ன் சுரங்கம் என்றால் என்ன என்பதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகின் டங்ஸ்டன் ஸ்கார்ன்களில் தாதுவின் தரம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். அதாவது நூறு டன் பாறையை உடைத்து அரைத்தால் ஒரு டன் ஆக்சைடு, மிச்சம் 99 டன் அரைத்த மண். அதை எங்கேயாவது கொட்ட வேண்டும், தண்ணீர் வேண்டும், சாலை வேண்டும். சுண்ணாம்புப் பகுதி என்றால் தரைக்கடியில் தண்ணீர் ஓடும் வழி எங்கே போகிறது என்றே கணிப்பது கடினம். கோலாலம்பூரில் நாங்கள் தினம் படும் பாடு அது. இரட்டைக் கோபுரத்தின் இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள், அடியில் இருந்த சுண்ணாம்பின் மேடு பள்ளத்தைப் பார்த்துவிட்டு.

அதே சமயம், நான் சுண்ணாம்பில் துளைபோடும் பிட்டின் நுனியில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு. சித்தப்பா வீட்டுக் கிணற்றுக்குப் போர் போட்ட பிட்டிலும் அதுதான். உலகத்துக்கு வேண்டிய டங்ஸ்டனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது, 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் எல்லா நாடும் பழைய வரைபடங்களைத் தூசி தட்டுகின்றன. எங்கே இருக்கிறது என்று அறிவது ஒன்று. அங்கே தோண்டலாமா என்பது வேறு, அதைப் புவியியலாளன் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. அந்தக் குன்றில் யார் குடியிருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வரைபடத்தில் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

---

மல்லிகா டீச்சர், கம்பார் · ஞாயிறு, மாலை 4:15

மேலூர்த் தம்பி, எங்கள் கிந்தாவைப் பார்த்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் நடந்தார்கள் என்று கேட்கமாட்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஈயக்குட்டை. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள், குட்டைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றில் விழுந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், இரண்டு பேர் என் வகுப்பு. ஆனால் அதே ஈயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடம் எழுந்தது, குமரனின் அப்பா வீடு கட்டினார். இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன்.

---

மேலூர் பேரன் · ஞாயிறு, மாலை 6:50

நன்றி டீச்சர். நன்றி அண்ணே. விளக்குச் சோதனையின் முடிவைப் போடுங்கள், பார்க்கிறேன்.

---

பட்டர்வொர்த் ரவி · திங்கள், காலை 10:05

காசு கணக்கு கேட்ட கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் பதில் சொல்கிறேன். டங்ஸ்டன் தாதுவின் விலை அலகு டங்ஸ்டன் ஆக்சைடில் 10 கிலோ. சுத்த ஷீலைட்டில் ஆக்சைடு 80 சதவீதம். குமரன் கல்லில் மூன்றில் ஒரு பங்கு ஷீலைட் என்றால் ஆக்சைடு சுமார் 560 கிராம். ஒரு அலகில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. அதையும் யாராவது பிரித்தெடுத்தால்தான். விற்க நினைக்காதீர்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கையில் வந்த கல்லில் கால் பங்குக்கு மேல் ஆக்சைடு, சுரங்கத்தில் ஒரு சதவீதம். ஏன்? யாரோ ஒருவர் குவியலிலிருந்து தூக்கிப் பார்த்து, கனத்தைக் கண்டு, இதுதான் நல்ல கல் என்று பொறுக்கி எடுத்திருக்கிறார். சோதனைக்கூடத்துக்கு இப்படிப் பொறுக்கிய கல்லைக் கொண்டுவந்து “எங்கள் நிலம் முழுக்க இப்படித்தான்” என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

---

பாறை மணி · திங்கள், இரவு 9:12

குமரன் இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கல்லோடு வந்தார். குளியலறை ஜன்னலைக் கைலியால் மூடினோம். குற்றலை விளக்கு கண்ணையும் தோலையும் சுடும், இருவரும் கண்ணாடி போட்டு, முழுக்கைச் சட்டையோடு நின்றோம். மிச்சத்தை அவரே எழுதட்டும்.

---

செந்தூல் குமரன் · திங்கள், இரவு 11:30

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விளக்குப் போட்டதும் முதலில் கல்லே தெரியவில்லை. வெள்ளைப் பகுதி மட்டும் தெரிந்தது. பொங்கல் விடியலில் வாசல் மாக்கோலம் இருட்டுக்குள் தெரியுமே, அந்த மாதிரி வெள்ளையும் நீலமுமாக. நாற்பத்தைந்து வருடம் எங்கள் கால் பட்ட கல். அப்பா உள்ளே போக வர அதைத்தான் நகர்த்துவார். ஒரு தடவைகூட அவர் இதைப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. பாறை மணி விளக்கை அணைத்துவிட்டுச் சற்று வெளியே நின்றார்.

கார்னெட் மணிகள் கறுப்பாகவே இருந்தன. ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் நீலம் இல்லை, மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளி. அது என்ன என்று கேட்டதற்கு அவர் “இரு, எழுதுகிறேன்” என்றார்.

---

பாறை மணி · செவ்வாய், காலை 6:20

ஷீலைட்தான். எனக்குச் சந்தேகம் இல்லை.

நீலவெள்ளை ஒளி ஒரு தகவலும் சொல்கிறது. ஷீலைட்டுக்குள் டங்ஸ்டனுக்குப் பதிலாக மாலிப்டினம் புகுந்தால் ஒளி மஞ்சளாகும். திரவத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் மாலிப்டினம் அப்படிப் புகும். ஆக்சிஜன் தட்டுப்பாடு என்றால் அது கந்தகத்தோடு சேர்ந்து தனியாக ஒதுங்கிவிடும், ஷீலைட் சுத்த நீலமாக ஒளிரும். தித்திவங்சாத் தொடரின் கிரானைட் ஆக்சிஜன் குறைந்த வகை, ஈயத்துக்கு ஏற்ற வகையும் அதுதான். ஆக குமரன் வீட்டுக் கதவுக் கல்லின் நீலம் கிந்தாவில் ஏன் ஈயம் விளைந்தது என்ற கேள்வியோடும் ஒட்டிப் போகிறது.

அந்த இரண்டு மஞ்சள் புள்ளிக்கு என்னிடம் இரண்டு பதில். மாலிப்டினம் கலந்த ஷீலைட்டாக இருக்கலாம். அல்லது மலாயாய்ட். ஆமாம், மலாயாவின் பெயரிலேயே ஒரு கனிமம் இருக்கிறது. கால்சியம், ஈயம், சிலிக்கா சேர்ந்தது. பேராக் செண்டரியாங் பகுதியிலிருந்து எடுத்து 1965-இல் பெயர் வைத்தார்கள். ஸ்கார்னில்தான் விளையும், குற்றலையில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். எடையில் 44 சதவீதம் ஈயம், ஆனால் சிலிக்காவோடு பூட்டிக் கிடப்பதால் வழக்கமான முறையில் எளிதில் வெளியே வராது. ரவி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணால் இதைத் தீர்க்க முடியாது. மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். குமரன், கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு கொடுப்பீர்களா?

---

பட்டர்வொர்த் ரவி · செவ்வாய், காலை 7:45

தெரியும். சோதனையில் ஈயம் காட்டும், உலையில் காட்டாது. அப்படி வந்த சரக்குக்காக நாங்கள் பட்ட ஏச்சு கொஞ்சமல்ல, குற்றம் யார்மேலும் இல்லை.

குமரன், துண்டு கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை, அம்மா சொன்னதை, தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். எந்த இடத்துக் கல் என்று தெரியாத நல்ல கற்கள் பெட்டி பெட்டியாக எங்கள் அலமாரியில் கிடந்தன. கொண்டுவந்தவர் ஓய்வு பெற்றதும் அவை வெறும் கல்லாகிவிட்டன. ஒரு நாள் லாரியில் ஏற்றிக் கொட்டிவிட்டார்கள்.

---

செந்தூல் குமரன் · செவ்வாய், இரவு 8:58

எழுதிவிட்டேன் அண்ணே. அம்மா சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். வெல்டர் குடும்பம் இப்போது ஈப்போவில் எங்கே என்று டீச்சர் விசாரித்துப் பார்ப்பதாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். இந்தச் சனிக்கிழமையே அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன், டீச்சர்.

பாறை மணி, துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் புள்ளி இருக்கும் ஓரத்திலிருந்து எடுங்கள். அடியில் பெயின்ட் எழுத்து இருக்கும் பக்கம் மட்டும் வாள் படவேண்டாம்.